51 கிலோ, 33 வயது, ஒரு தங்கம்

பாங்காக் வீதிகளில் 49 யானைகள் ஊர்வலம் போயின. ஊர்வலத்தின் நாயகன், சுகோதாய் மாகாணத்திலிருந்து வந்த விஜான் போன்லிட் என்ற போலீஸ்காரர். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் தாய்லாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அவருடையது. குத்துச்சண்டையில் 51 கிலோ எடையுள்ளவர்களுக்கான ஃப்ளைவெயிட் பிரிவு. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானின் புலாத் ஜுமாதிலோவை 19-12 என்று வீழ்த்தியிருந்தார். ஊர் திரும்பியதும் வீடு கிடைத்தது, 2 கோடி பாட்டுக்கு மேல் பணம் குவிந்தது, காவல்துறையில் பதவியும் உயர்ந்தது.

அதே நாட்டில், அதே 51 கிலோவில் இன்னொருவர் இருந்தார். வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயர் சோம்ஜித் ஜோங்ஜோஹோ.

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஒரு எடைப் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். ஓட்டப்பந்தயத்தில் ஒரே நாட்டின் மூன்று பேர் சேர்ந்து ஓடலாம். குத்துச்சண்டையில் இரண்டாமவருக்கு இடமே கிடையாது. அவர் உலகத்திலேயே இரண்டாவது சிறந்த வீரராக இருந்தாலும், முதலாமவர் அவர் நாட்டுக்காரராக இருந்துவிட்டால் டிவியில்தான் ஒலிம்பிக்ஸ் பார்க்க வேண்டும். சிட்னிக்கு விஜான் போனார், தங்கத்தோடு வந்தார். சோம்ஜித்துக்கு ஒலிம்பிக் மேடை கிடைக்க இன்னும் 4 வருடம் ஆனது. தங்கம் கிடைக்க 8 வருடம்.

தாய்லாந்து இதுவரை குத்துச்சண்டையில் வென்ற ஒலிம்பிக் தங்கம் மொத்தம் நான்கு. 1996 அட்லாண்டாவில் சோம்லக் கம்சிங், 2000 சிட்னியில் விஜான், 2004 ஏதென்ஸில் மனுஸ் பூன்ஜம்னோங், 2008 பெய்ஜிங்கில் சோம்ஜித். அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்ஸ், ஆளுக்கு ஒன்று. சோம்லக்கின் தங்கம்தான் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துத் தாய்லாந்துக்கு வந்த முதல் ஒலிம்பிக் தங்கம் என்பதால் சரித்திரத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. வென்றதும் மேடையில் மன்னர் பூமிபோலின் படத்தை அவர் உயர்த்திப் பிடித்த காட்சியைத் தாய்லாந்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் நான்கில் எது அதிக விலை கொடுத்து வாங்கியது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் சோம்ஜித்துடையதைத்தான் சொல்ல வேண்டும்.

1975 ஜனவரியில் புரிராம் மாகாணத்தில் பிறந்தவர் அவர். கம்போடிய எல்லையை ஒட்டிய வடகிழக்குத் தாய்லாந்து. இசான் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில், அணைந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில், கெமர் மன்னர்கள் காலத்துச் சிவன் கோயிலான பனோம் ருங் இன்றும் நிற்கிறது. கீழே வானம் பார்த்த நெல் வயல்கள். மழை தப்பினால் ஊர் பாங்காக்குக்கு வேலை தேடிப் புறப்பட்டுவிடும். தாய்லாந்தின் டாக்ஸி ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் பலருக்கும் சொந்த ஊர் இசான்தான். சண்டைக்காரர்களுக்கும் அதுதான். சோம்லக்கும் இசானின் கோன் கேன் மாகாணத்துக்காரர்.

இந்தப் பக்கத்துப் பையன்கள் ஏழெட்டு வயதில் முவாய் தாய் கற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கோயில் திருவிழாவில் மூங்கிலும் பலகையும் வைத்துக் கட்டிய மேடையில் முதல் சண்டை. கிடைக்கிற சொற்பப் பணம் வீட்டுக்குப் போகும். நன்றாக ஆடுகிறவனைப் பெரிய பயிற்சிக்கூடம் ஒன்று கூட்டிக்கொண்டு போகும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. பெற்றோர் வைத்த பெயரை விட்டுவிட்டு, பயிற்சிக்கூடத்தின் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறுவார்கள். பாங்காக்கின் ராஜதம்னோன், லும்பினி அரங்கங்கள்தான் எல்லோருடைய கனவும். சோம்ஜித்தும் இந்த வழியாக வந்தவர்தான்.

முவாய் தாயில் இருந்து ஒலிம்பிக் குத்துச்சண்டைக்கு மாறுவது வெளியிலிருந்து பார்க்கச் சுலபம். உதைக்காமல், முட்டியால் இடிக்காமல், கையால் மட்டும் குத்தினால் போதாதா? போதாது. முவாய் தாய் வீரர் நிமிர்ந்து நிற்பார். உடல் பாரம் பின்காலில் இருக்கும். எதிராளி உதைத்தால் சட்டென்று தூக்கித் தடுக்க வேண்டும் என்பதால் முன்கால் பாரமில்லாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். அப்படியே நின்று குத்தினால் குத்தில் வலுவும் இருக்காது, தூரமும் எட்டாது. குத்துச்சண்டையில் பாரம் இரண்டு கால்களுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போய்க் குத்திவிட்டு, பதில் குத்து வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

நேரக் கணக்கும் வேறு. முவாய் தாயில் ஐந்து சுற்றுகள். முதல் இரண்டில் வீரர்கள் ஒருவரையொருவர் ஆழம் பார்ப்பார்கள். பந்தயம் கட்டுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் கணக்குப் போடுவார்கள். மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் சண்டை சூடு பிடிக்கும். பெய்ஜிங் காலத்து ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. மொத்தமே எட்டு நிமிடம். ஆழம் பார்த்துக்கொண்டு நின்றால் ஆட்டம் முடிந்துவிடும். பத்து வயதிலிருந்து உடம்பில் ஊறிய தாளத்தை இருபது வயதுக்கு மேல் மாற்றிக்கொள்வது சின்ன வேலை இல்லை.

முவாய் தாய் தருகிற லாபமும் பெரிது. தாய்லாந்துப் பையன் 18 வயதுக்குள் டஜன் கணக்கில் சண்டை பார்த்துவிடுகிறான். கூட்டத்தின் இரைச்சல், எதிராளியின் முறைப்பு எதுவும் அவனை அசைக்காது. குத்து எங்கே புறப்படுகிறது என்பதைக் கையைப் பார்த்து அல்ல, தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். இந்த மூலதனத்தைக் குத்துச்சண்டைக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கியூபாவிலிருந்து வந்தார். ஹுவான் ஃபொன்டானியல். அமெச்சூர் குத்துச்சண்டையில் அப்போது கியூபாவை மிஞ்சிய நாடு கிடையாது. தாய்லாந்தின் பொற்காலத்துக்கு அந்தக் கியூபப் பள்ளியின் பாடம் ஒரு முக்கியக் காரணம். பிறகு சோம்ஜித்தின் வாழ்க்கையில் மிகக் கசப்பான தோல்வியும் மிகப் பெரிய வெற்றியும் கியூபர்களுக்கு எதிராகத்தான் வந்தன என்பது தனிக் கதை.

சோம்ஜித்தைப் புரிந்துகொள்ள அன்றைய புள்ளி முறையையும் பார்க்க வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார், தென் கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தங்கம் பார்க்குக்குப் போனது. உலகமே சிரித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் மின்னணு இயந்திரம் வந்தது. மேடையைச் சுற்றி ஐந்து நடுவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என இரண்டு பொத்தான்கள். ஒரு குத்து விழுந்ததும் மூன்று பேராவது ஒரு நொடிக்குள் ஒரே பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி.

இதில் ஒரு பெரிய சிக்கல். நெருங்கி நின்று விலாவில் குத்தினால், அந்தக் கோணத்தில் மூன்று நடுவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான்கைந்து குத்துகள் படபடவென்று விழுந்தால் எல்லோரும் சேர்ந்து ஒன்றுக்கு மட்டும் அழுத்துவார்கள். கையுறையின் வெள்ளைப் பகுதி, தூரத்திலிருந்து நேராகப் போய், முகத்தில் ‘டப்’ என்று விழுந்தால் மட்டுமே புள்ளி உறுதி. அதனால் அந்தக் காலத்து அமெச்சூர் வீரனுக்கு முரட்டு பலத்தைவிடக் கண்ணும் காலும் முக்கியம். எதிராளியை முதலில் குத்த விட்டு, அவன் கை நீண்டிருக்கும் அந்தக் கணத்தில் பதில் குத்து விடுகிறவன் ராஜா. வயது ஏற ஏற வேகம் குறையும். ஆனால் இந்தக் கணக்கு கூர்மையாகும். சோம்ஜித்துக்கு நடந்தது அதுதான்.

விஜானின் காலம் முடிந்த பிறகு 51 கிலோ இடம் அவர் கைக்கு வந்தது. 2002 புசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். அடுத்த வருடம் உலக சாம்பியன்ஷிப் போட்டி பாங்காக்கிலேயே நடந்தது. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் சோம்ஜித் உலக சாம்பியன் ஆனார். 28 வயது. ஏதென்ஸுக்கு ஒரு வருடம்தான் இருந்தது. இனி தங்கம் அவருடையது என்று தாய்லாந்து எழுதி வைத்துக்கொண்டது.

ஏதென்ஸில் காலிறுதிக்கு முந்தைய ஆட்டத்திலேயே எதிரில் வந்து நின்றவர் கியூபாவின் யூரியோர்கிஸ் கம்போவா. 22 வயது. கை எங்கிருந்து புறப்படுகிறது என்றே தெரியாத வேகம். இறுதி ஆட்டமாக இருந்திருக்க வேண்டிய சண்டை, குலுக்கலின் கோளாறால் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 26-21. கம்போவா வென்றார், அதே வேகத்தில் போய்த் தங்கமும் வாங்கினார். அந்தக் கம்போவாவிடம் 21 புள்ளி எடுத்த சோம்ஜித்துக்கு ஒரு வெண்கலம்கூட இல்லை. நாக்-அவுட் போட்டிகளின் குரூரம் இது. குலுக்கலில் மறுபக்கம் விழுந்திருந்தால் பதக்கத்தோடு வந்திருப்பார் என்று நம்ப எல்லா நியாயமும் உண்டு.

அந்த ஒலிம்பிக்ஸில் தாய்லாந்துக்குப் பதக்கத்துக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இன்னும் வலித்திருக்கும். மனுஸ் பூன்ஜம்னோங் கியூபாவின் யூதெல் ஜான்சனை 17-11 என்று வென்று தங்கம் வாங்கினார். வோரபோஜ் பெட்ச்கூம் வெள்ளி. சூரியா பிரசாத்தின்பிமாய் வெண்கலம். உலக சாம்பியன் மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

29 வயதில், உலகப் பட்டத்தோடு, கௌரவமாக விலகியிருக்கலாம். பெரும்பாலோர் விலகிவிடுவார்கள். இவர் இருந்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இறுதிவரை வந்து பிலிப்பைன்ஸின் வியோலிட்டோ பாய்லாவிடம் தோற்றார். 2007 சிகாகோ உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் தோல்வி. இம்முறை அமெரிக்காவின் ரௌஷி வாரன், தன் நாட்டு ரசிகர்களின் முன்னால். இரண்டு வெள்ளிகளும் சேர்ந்து ஒரு செய்தியைச் சொன்னதாகத்தான் வெளியில் எல்லோரும் படித்தார்கள்: நல்ல வீரர், ஆனால் காலம் கடந்துவிட்டது.

சிகாகோ வெள்ளி பெய்ஜிங்குக்கான டிக்கெட்டாகவும் அமைந்தது. அந்த டிக்கெட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அன்றைய விதிப்படி 34 வயதோடு அமெச்சூர் குத்துச்சண்டையின் கதவு சாத்தப்படும். சோம்ஜித்துக்கு 33. நான்கு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இந்த முறை கிடையாது.

51 கிலோவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இருபது வயதில் 51 கிலோவாக இருப்பது ஒன்று. 33 வயதில் இருப்பது முற்றிலும் வேறு. ஆட்டம் உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் தராசில் ஏற வேண்டும். அரைக் கிலோ கூடினாலும் அன்றோடு போட்டி முடிந்தது. அதனால் வீரர்கள் வியர்வையை வெளியேற்றும் உடையைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்புவார்கள். எடை சரி என்று அதிகாரி தலையசைத்த பிறகுதான் தண்ணீர். ஒரு முறை செய்தால் போதாது. இறுதிவரை போகிறவர் இரண்டு வாரத்தில் ஐந்து முறை இதைச் செய்ய வேண்டும். இளம் உடம்பு சில மணி நேரத்தில் மீண்டுவிடும். முப்பதைத் தாண்டிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் மன்னிக்காது.

பெய்ஜிங்கில் ஃப்ளைவெயிட் பிரிவு ஆரம்பத்திலேயே தலைகீழானது. உலக சாம்பியன் ரௌஷி வாரன் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவின் லீ ஓக்-சுங்குடன் மோதினார். தான்தான் முன்னிலையில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கடைசி அரை நிமிடம் குத்தாமல் விலகி விலகி ஓடினார். மணி அடித்தது. 8-9. வாரன் வெளியே. சோம்ஜித்தைத் தோற்கடித்தவர், அவரோடு மீண்டும் மோதாமலே வீட்டுக்குப் போனார்.

சோம்ஜித் தன் வேலையைச் சத்தமில்லாமல் பார்த்தார். குவாத்தமாலாவின் எடி வலென்சுவேலா 6-1. அஜர்பைஜானின் சமீர் மம்மதோவ் 10-2. காலிறுதியில் தஜிகிஸ்தானின் அன்வர் யூனுசோவ் 8-1. அரையிறுதியில் இத்தாலியின் வின்சென்ஸோ பிகார்டி 7-1. மம்மதோவும் பிகார்டியும் சிகாகோவில் வெண்கலம் வாங்கியவர்கள். சாதாரண ஆட்கள் இல்லை. பெய்ஜிங்கில் நடுவர்கள் பொதுவாகவே பொத்தானை அழுத்தத் தயங்கினார்கள், புள்ளிகள் எல்லோருக்கும் குறைவாகத்தான் விழுந்தன என்பது உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த எண்களில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. எதிராளிகளில் ஒருவரால்கூட இவரை மூன்று முறை சுத்தமாகத் தொட முடியவில்லை. ஏதென்ஸில் 21 புள்ளி எடுத்து 26 கொடுத்த அதே மனிதர், நான்கு வருடத்தில் கொடுப்பதையே நிறுத்திவிட்டிருந்தார்.

குலுக்கலின் மறுபக்கத்தில் இந்தியாவின் ஜிதேந்தர் குமாரும் இருந்தார். தாடையில் தையல்களோடு காலிறுதியில் ரஷ்யாவின் கியோர்கி பலக்ஷினை எதிர்கொண்டு 11-15 என்று தோற்றவர். விஜேந்தர் சிங்கின் வெண்கலத்தை நினைவில் வைத்திருக்கிற நாம், இவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த பலக்ஷினை அரையிறுதியில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்று இறுதிக்கு வந்தவர் ஆந்த்ரி லஃபித்தா. கியூபாக்காரர்.

2008 ஆகஸ்ட் 23, பெய்ஜிங் தொழிலாளர் உள்ளரங்கம். லஃபித்தா 2005 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றவர். கியூப அணிக்கு அது இக்கட்டான நேரம். கம்போவா உட்பட ஏதென்ஸில் தங்கம் வென்ற மூன்று பேர் 2006 இறுதியில் வெனிசுவேலாவிலிருந்து தப்பிப் போயிருந்தார்கள். இளைய அணி எப்படியாவது மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை. லஃபித்தா முன்னேறி வந்தார். முன்னேறி வருகிறவர்தான் சோம்ஜித்துக்கு வேண்டும். அரை அடி பின்வாங்கி, குத்தைக் காற்றில் போகவிட்டு, நேராக ஒன்று. மீண்டும் விலகல். புள்ளியில் பின்தங்கியவன் துரத்தியே ஆக வேண்டும், துரத்தினால் இன்னும் புள்ளி போகும். அந்த வலையிலிருந்து லஃபித்தாவால் வெளியே வர முடியவில்லை. எட்டு நிமிடம் முடிந்தபோது பலகையில் 8-2.

அதே நாளில் மனுஸ் தன் இரண்டாவது தங்கத்துக்காக மேடை ஏறினார். ஏதென்ஸுக்குப் பிறகு அவர் பரிசுப் பணத்தைச் சூதாட்டத்திலும் கொண்டாட்டத்திலும் கரைத்ததாகத் தாய்லாந்துப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்திருந்தன. அதிலிருந்து மீண்டு இறுதிவரை வந்ததே பெரிய விஷயம். டொமினிகன் குடியரசின் ஃபெலிக்ஸ் டியாஸிடம் 4-12 என்று தோற்று வெள்ளியோடு முடித்தார். கியூபாவோ அந்த ஒலிம்பிக்ஸில் நான்கு வெள்ளி, நான்கு வெண்கலம் வாங்கியது. தங்கம் ஒன்றுகூட இல்லை. 1968-க்குப் பிறகு கியூபா கலந்துகொண்ட எந்த ஒலிம்பிக்ஸிலும் அப்படி நடந்ததில்லை.

சோம்ஜித் அதோடு கையுறையைக் கழற்றினார். தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகவில்லை. தாய்லாந்தில் அது ஆச்சரியம்தான். அங்கே ரசிகர்களின் கொண்டாட்டம் பெரும்பாலும் தொழில்முறை உலகப் பட்டங்களுக்குத்தான். 1976 மாண்ட்ரியலில் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமான வெண்கலத்தை வென்ற பாயாவ் பூன்தராத்கூட, பிறகு தொழில்முறைக்குப் போய் உலக சாம்பியன் ஆனவர். சோம்ஜித் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கப் போனார். இசான் கிராமத்து முகம், சண்டைக் காட்சிக்கு டூப் தேவையில்லாத உடம்பு. மக்களுக்குப் பிடித்துப்போனது.

அவருக்குப் பிறகு தாய்லாந்து ஆண்கள் தங்கத்துக்கு மிக நெருங்கியது 2012 லண்டனில். காம்பேங் பெட் மாகாணத்தைச் சேர்ந்த கேவ் போங்பிரயூன், அவருக்கு வயது 32. லைட் ஃப்ளைவெயிட் இறுதியில் சீனாவின் ஸோ ஷிமிங்கிடம் 10-13 என்று தோற்றார். கடைசி நொடிகளில் நடுவர் கொடுத்த எச்சரிக்கையால் இரண்டு புள்ளிகள் எதிராளிக்குப் போயின. கேவ் மேடையிலேயே மண்டியிட்டு அழுதார். அந்த ஆட்டத்தை இன்றைக்குத் திரும்பப் பார்த்தாலும் முடிவை ஏற்க மனம் வராது.

பிறகு கட்டமைப்பே மாறிவிட்டது. பெய்ஜிங்கில் ஆண்களுக்கு 11 எடைப் பிரிவுகள் இருந்தன. பாரிஸில் 7. கேவ் ஆடிய லைட் ஃப்ளைவெயிட் பிரிவு டோக்கியோவிலிருந்தே கிடையாது. உடல் சிறுத்த தாய்லாந்து வீரர்களுக்குப் பதக்கங்களைக் கொடுத்து வந்தவை இந்த இலகு எடைகள்தான். அங்கே கதவு குறுகியதும் பதக்கமும் குறைந்தது. பொத்தான் இயந்திரமும் 2013-ல் போய், சுற்றுக்குப் பத்துப் புள்ளி தரும் தொழில்முறை பாணி வந்துவிட்டது. முன்னேறி அடிக்கிறவர்களுக்கு அது சாதகம். சோம்ஜித்தின் சிக்கனம் அந்த முறையில் அதே விலைக்குப் போயிருக்குமா என்பது சந்தேகமே.

கதவு பெண்கள் பக்கம் திறந்திருக்கிறது. டோக்கியோவில் சூடாபோர்ன் சீசோன்டீ 60 கிலோவில் வெண்கலம் வாங்கினார். தாய்லாந்துப் பெண் ஒருவர் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வென்ற முதல் பதக்கம் அது. பாரிஸில் ஜன்ஜேம் சுவன்னபெங் 66 கிலோவில் வெண்கலம். இரண்டு ஒலிம்பிக்ஸிலும் குத்துச்சண்டையில் நாட்டுக்கு வந்தது இந்த இரண்டு பதக்கங்கள் மட்டுமே. 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 7 என்று பிரிவுகள் சமமாகின்றன. சோம்ஜித்துக்கு அடுத்த தங்கம், ஐந்தாவது தங்கம், ஒரு பெண்ணின் கழுத்தில் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.